கணக்கை விட்டவளுக்குக் குறியீட்டு அளவையியல் வருமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டாள். இப்போது பி.ஏ. தத்துவத்தில் குறியீட்டு அளவையியல் (வாதங்களைக் குறிகளால் எழுதிச் சரிபார்க்கும் பாடம்) தாளைப் பார்த்து அழுகிறாள். விடைகள் எல்லாம் அடங்கிய நோட்ஸ் தருவதாக ஒரு டியூஷன்காரர் 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தத் தாளுக்கும் அவள் பயந்து விட்டுவந்த கணக்குக்கும் சம்பந்தமில்லை. வாக்கியத்துக்கு ஓர் எழுத்து, இணைப்புச் சொற்களுக்கு நாலைந்து குறிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தும் மெய்யா பொய்யா என்று எல்லா வகையிலும் வரிசை போட்டுப் பார்ப்பது மெய்மை அட்டவணை; அதற்கு இரட்டிக்கத் தெரிந்தால் போதும்: மூன்று எழுத்துக்கு 8 வரிசை, நான்குக்கு 16.

பிள்ளைகள் தடுக்கி விழுவது நிபந்தனை வாக்கியத்தில்தான். ‘மழை பெய்தால் குடை கொண்டு வருவேன்’ என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். மழை கொட்டும்போது வெறுங்கையோடு போய் நின்றால் சொல் தவறிவிட்டீர்கள். மழையே இல்லாத நாளில்? குடையோடு போனாலும் சரி, இல்லாமல் போனாலும் சரி, உங்களைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஆகவே மழை உண்டு, இல்லை, குடை உண்டு, இல்லை என்று வரும் நான்கு வரிசையில் ஒன்றுதான் பொய். முன்பகுதி பொய்யாக இருக்க முழு வாக்கியம் எப்படி மெய்யாகும் என்று ஆண்டுதோறும் வகுப்பு என்னோடு மல்லுக்கு நிற்கும். நிற்கட்டும், அப்படிக் கேட்டவர்களுக்குத்தான் பாடம் பிடிபட்டது. இன்னொன்று: நீங்கள் குடையோடு வருவதைப் பார்த்து, மழை பெய்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டக் கூடாது.

இதையெல்லாம் நோட்ஸ் சொல்லாது. நிறுவல்களை, அதாவது கொடுத்த வாக்கியங்களிலிருந்து முடிவுக்குப் போகும் படிகளை, வரிவரியாக அச்சடித்துத் தரும். தேர்வில் ஒரு வரி மாறினால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். நிபந்தனைக்குப் புத்தகத்தில் லாடம் போன்ற குறி, நோட்ஸில் அம்புக்குறி. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லக்கூட ஆளிருக்காது. பழைய கேள்விகளையே திருப்பிக் கேட்கும் வினாத்தாள்கள்தான் இந்த வியாபாரிகளுக்குச் சோறு போடுகின்றன. யோசிக்கக் கற்றுத்தரும் தாளையே ஒப்பிக்கும் தாளாக்கி வைத்திருக்கிறோம். வயிறு எரிகிறது.

கல்லூரி நூலகத்தில் இர்விங் கோப்பியின் பாடநூல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதில் 19 விதிகள். முதல் 9 அனுமான விதிகள் இருக்கும் வரிகளிலிருந்து புது வரியைப் பெறுவதற்கு; அவற்றை முழு வரிக்கு மட்டுமே பயன்படுத்தலாம். மற்ற 10 மாற்றீட்டு விதிகள் ஒன்றை அதே பொருளுள்ள வேறு வடிவத்தில் எழுதுவதற்கு; அவற்றை வரியின் ஒரு பகுதிக்கும் பயன்படுத்தலாம். மதிப்பெண் பெரும்பாலும் போவது இங்கேதான். நாளுக்கு ஒரு விதி, அதற்கு அவளே சொந்தமாக எழுதிய இரண்டு தமிழ் வாக்கியங்கள். நிறுவல் போடும்போது முடிவு வரியை முதலில் பார்த்து, அது எந்த வரியிலிருந்து வரக்கூடும் என்று பின்னாலிருந்து தேடட்டும். விடையைத் தாளால் மூடி வைத்துக்கொண்டு.