பறவைகள் திடீரென்று கூட்டமாக இறந்து விழுவது எதனால்?

ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பறவைகள் செத்துக் கிடப்பதற்கு 5ஜி கோபுரங்கள்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரப் பூங்கா ஒன்றில் 2018 அக்டோபர், நவம்பரில் 300க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகள் இறந்தபோது பரவிய வதந்தி அது. அந்த ஊரில் நடந்த 5ஜி சோதனையோ ஜூன் மாதத்திலேயே முடிந்திருந்தது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் அது சுற்றி வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. உண்மையான காரணங்களை அது மறைத்துவிடுகிறது.

பறவைகள் எங்கே, எப்படிக் கிடக்கின்றன என்பதுதான் முதல் துப்பு. கண்ணாடிக் கட்டடத்தின் அடியில், விடியற்காலையில் கிடந்தால் பெரும்பாலும் மோதல்தான். சிங்கப்பூரில் அக்டோபர், நவம்பரில் இதை நேரிலேயே பார்க்கலாம். வடக்கிலிருந்து இரவில் வலசை வரும் நீலச்சிறகுப் பிட்டா, நம் ஊர் ஆறுமணிக் குருவிக்கு நெருங்கிய உறவு, வெளிச்சத்தில் திசை தடுமாறிக் கண்ணாடியில் மோதி விழுகிறது. ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்தின் நடைபாதையில் ஒன்றைப் பார்த்தேன். பச்சை முதுகு, பளீரென்ற நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு. வெளியே ஒரு காயமும் இல்லை. அலகோரம் மட்டும் ஒரு பொட்டு இரத்தம். சிகாகோவில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே கட்டடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் இப்படி மடிந்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். மோதல்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இவ்வளவு எளிய தீர்வு கையில் இருந்தும் நாம் தாமதிப்பதுதான் வேதனை.

கூட்டமாக அடைந்திருக்கும் மரத்தருகே, சுற்றிலும் சிதறிக் கிடந்தால், எதற்கோ மிரண்டு இருட்டில் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பீபி என்னும் ஊரில் 2010 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டு பிறக்கவிருந்த இரவில், சுமார் 5,000 கரும்பறவைகள் விழுந்தன. வாணவேடிக்கைச் சத்தத்தில் கலைந்து, வீடுகளிலும் மரங்களிலும் மோதியதால் வந்த உட்காயமே காரணம்.

நீர்நிலையோரம், நாள்கணக்கில் சாவு தொடர்ந்தால் பாட்டுலிசம் என்னும் நச்சு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பயங்கரமாகத் தெரிவது. காற்றுப் புகாத சூடான சேற்றில் ஒரு பாக்டீரியா நஞ்சை உண்டாக்குகிறது. முதலில் சில பறவைகள் சாகின்றன. அவற்றின் உடலில் மொய்க்கும் புழுக்களில் நஞ்சு சேர்கிறது. புழுக்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவற்றைத் தின்ற பறவைக்குச் சிறகும் காலும் செயலிழந்து, கடைசியில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிவிடுகிறது. அந்த உடலில் மறுபடி புழுக்கள். ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 2019 நவம்பரில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் இப்படி இறந்தன. அங்கே சடலங்களை உடனுக்குடன் அகற்றுவதுதான் மருந்து.

பறவைக் காய்ச்சலும் உண்டு. சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 2005இல் ஆயிரக்கணக்கில் இறந்தவற்றுள் வரித்தலை வாத்துகள் மிகுதி. திருநெல்வேலிக் கூந்தன்குளத்துக்கு வலசை வரும் அதே இனம். வயலோரச் சாவு என்றால் பூச்சிமருந்து. அர்ஜெண்டினாவில் 1990களின் நடுவில், மோனோகுரோட்டபாஸ் தெளித்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கான பருந்துகள் செத்தன. நம் ஊர் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த மருந்து அது.

சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் பல பறவைகள் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் விலக்கி வையுங்கள். கிடந்தபடியே, சுற்றுப்புறமும் தெரியும்படி படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள். இங்கே விடிவதற்குள் பெருக்கிச் சுத்தம் செய்துவிடுவார்கள். தடயமும் அதோடு போய்விடும். ஆகவே அங்கே துப்புரவு செய்யும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் பார்ப்பவர்.