எடைச்சீட்டில் திருட்டு: தனி ஆளாகப் புகார் செய்யலாமா?

கேள்வி: மத்திய அரசுப் பொதுத்துறை ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருக்கிறேன். பழைய இரும்பு ஏற்ற வரும் லாரியின் வெற்று எடையைக் கூட்டிப் போட்டு, டன் கணக்கில் கடத்துகிறார்கள். என் மேலதிகாரிக்கும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடத்தில் நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? பெயர் வெளியே வந்தால் குடும்பம் என்னாகும்?

பதில்: முடியும் தம்பி. ஆலையையே திருத்தும் பாரத்தை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இந்த எடைச்சீட்டு விவகாரம் டெல்லியில் உரிய மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் வேலை அவ்வளவுதான்.

இந்தத் திருட்டு எனக்குப் பழக்கமானது. தண்ணீர் டிரம், மணல் மூட்டையோடு லாரி எடைமேடையில் ஏறும். யார்டுக்குள் போனதும் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். ஏற்றிய எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துத்தான் இரும்பின் கணக்கு. வெற்று எடையில் ஒரு டன் கூடினால், ஒரு டன் இரும்பு இலவசம். அகப்படுவதும் இங்கேதான். ஒரே லாரி ஒரு மாதம் ஒன்பது டன், அடுத்த மாதம் பத்தரை டன் என்று காட்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வெற்று எடையோ வேறு. லாரி எண், தேதி, சீட்டு எண் மூன்றையும் வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அசல் சீட்டையோ ரிஜிஸ்டரையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதற்காகவே உங்கள் மீது சார்ஜ் ஷீட் போடுவார்கள். திருடியவன் சாட்சி சொல்வான்.

அடுத்தது, நான் யாரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காத எச்சரிக்கை. "பேப்பரைக் கொடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்று வருபவனை நம்பாதீர்கள். சமூக ஆர்வலர், சங்கப் பிரமுகர், நிருபர் என்று எந்த அட்டையை வேண்டுமானாலும் காட்டுவான். உங்கள் பேப்பரை, இரும்பு எடுக்கும் அதே ஒப்பந்தக்காரரிடம் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிட்டுப் போவான். என்னிடம் வந்தவர்களில் வேலையை இழந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டினார்கள்.

மொட்டைக் கடிதமும் வேண்டாம். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுக்காது. பெயர் போட்டால் ஆபத்து, போடாவிட்டால் பயனில்லை என்ற இந்த இக்கட்டுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 2004-இல் வந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானம் அது, பி.ஐ.டி.பி.ஐ. என்பார்கள். இதில் பெயரும் முகவரியும் உறைக்குள்ளே இருக்க வேண்டும், உறைமேல் கூடாது. திரும்பச் சொல்கிறேன்: உள்ளே கட்டாயம், வெளியே கூடவே கூடாது. பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள். புகாரின் உடலில் 'என் செக்‌ஷன்', 'என் ஷிஃப்ட்' என்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொல்கூட வரக் கூடாது. உறையை ஒட்டி, மேலே பி.ஐ.டி.பி.ஐ. என்று எழுதி, ஆணையத்தின் செயலருக்கு மட்டும் அனுப்புங்கள். அமைச்சருக்கு ஒரு நகல், பத்திரிகைக்கு ஒரு நகல் என்று போனால் ரகசியம் அன்றோடு சரி. மாநில அரசு நிறுவனங்களுக்கு இந்த வழி கிடையாது.

இந்தத் தீர்மானமே ஓர் உயிர் போன பிறகு வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இளம் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணி ஊழலைப் பற்றிப் பிரதமருக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். கடிதம் மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்று சிபிஐ முடித்தது. இருந்தாலும் அவர் பெயரைக் காக்காமல் விட்ட குற்றம் குற்றம்தானே? புகார் செய்பவரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்தார். அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மட்டும் எந்த அரசும் வெளியிடவில்லை. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அனுப்பிய பின் ரசீது, ஒப்புகை எதுவும் வராது. பதறி நினைவூட்டல் எழுதாதீர்கள். எழுதியது நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதனால் உள்ளே வீட்டு முகவரியைக் கொடுங்கள். ஆலைக் குவார்ட்டர்ஸில் இருந்தால் சொந்த ஊர் முகவரி நல்லது. பதிலை நீங்களே வெளியூர்த் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். ஆலையின் தபால் பிரிவு வழியாக அனுப்பவே வேண்டாம்.