சமையலறைச் சண்டையும் பக்திப் பாட்டும்

கேள்வி: அமெரிக்கப் பாடகி சாரா குரோவ்ஸ் 2004-இல் வெளியிட்ட ‘தி அதர் சைட் ஆஃப் சம்திங்’ ஆல்பத்தை என் தங்கை அனுப்பிவைத்தாள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டில் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். வீட்டுச் சண்டை எப்படிப் பக்திப் பாடலாகும்? (ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: சண்டை என்றீர்களே, அதையே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டில் சண்டை நடக்கிற இடம் சமையலறை. இருவருக்கும் நெஞ்சில் நினைக்கக்கூடாதது வருகிறது, அப்புறம் அது வாயிலும் வந்துவிடுகிறது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, கட்டிலின் நடுவுக்கு உருண்டு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் கோபம் தணியட்டும் என்று எபேசியருக்குப் பவுல் எழுதினாரே, அதை ஒரு வசனமும் சொல்லாமல் வாழ்ந்து காட்டுகிற பாட்டு அது. இது பக்தி இல்லையென்றால் எது பக்தி?

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் சண்டை போடுவது இன்னும் கஷ்டம். அடுத்த அறையில் மாமியார். வரவேற்பறையில் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். சன்னலைத் திறந்தால் எதிர் புளோக். குரலை உயர்த்த வழியில்லாமல், சட்டியை ‘ணங்’கென்று வைப்பதிலேயே முழு வாக்குவாதமும் நடந்து முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த இருவரும் ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுவார்கள். பாடுகிற பாட்டில் கன்மலை இருக்கும், அக்கினி இருக்கும், அபிஷேகம் இருக்கும். அந்த வாரத்தில் அவர்கள் பட்ட பாடு ஒரு வரியிலும் இருக்காது. இன்றைய தமிழ் கிறிஸ்தவ ஆல்பங்கள்மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியை எடுத்தார், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஏற்றம் இறைப்பவன் பாட்டை எடுத்தார், நொண்டி நாடகத்தை எடுத்தார். ஊர் ஜனங்கள் வாயில் எது புழங்கியதோ அதிலேயே சுவிசேஷத்தைச் சொன்னார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ முன்சீப் உத்தியோகம் (கீழ்க்கோர்ட் நீதிபதி வேலை) பார்த்த கத்தோலிக்கர். அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் இறைத்துதி மட்டுமா இருக்கிறது? உத்தியோகத் தொல்லை வருகிறது, கணவன் மனைவி வருகிறார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வருகிறது. சோறில்லாத ஜனங்களுக்காக மன்றாடிப் பாடினார், கைப்பொருளையும் கொடுத்தார். செங்காங் அம்மா, நீங்கள் அமெரிக்கப் பாட்டில் கேட்டு அதிசயப்பட்டதை மாயவரத்தில் அப்போதே ஒருவர் செய்திருக்கிறார்.

சாஸ்திரியார் பெயர் வந்ததால், இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதை இன்னொரு தடவையும் எழுதுகிறேன். பாட்டை எழுதியவர் பெயரைப் போடுங்கள்! சாஸ்திரியார் தம் கீர்த்தனைகளில் தம் பெயரை முத்திரையாக வைத்துப் பாடியிருக்கிறார். நாமோ நேரமாகிறதென்று இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறோம், அந்தப் பெயர் வரும் சரணம் வரை போவதே இல்லை. திரையில் பாட்டு வரிகள் ஓடுகின்றன, பின்னால் அருவியும் சூரிய உதயமும் தெரிகின்றன, எழுதியவர் பெயரை மட்டும் காணோம். இதைச் சொன்னதற்காக ஒரு பாடகர் குழுத் தலைவர் என்னோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். “மகிமை கர்த்தருக்கு, மனுஷனுக்கு எதற்கு?” என்பது அவர் வாதம். தாவீதின் சங்கீதம், ஆசாபின் சங்கீதம் என்று வேதத்திலேயே தலைப்பில் பெயர் போட்டிருக்கிறதே, ஐயா!

சரி, சாரா குரோவ்ஸுக்கு வருகிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து பாட வந்தவர். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தைக் கணவரோடு சேர்ந்து கலைக்கூடமாக நடத்துகிறார். தாம் வாழ்கிற வீட்டுக்குள் இருந்தே எழுதுகிறார். நமக்கும் எழுத விஷயமா இல்லை? ஜூரோங்கில் இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது படுக்கப்போகும் அப்பாவுக்கு ஒரு பாட்டு உண்டா? குடும்ப ஜெபத்தில் பாட்டி கால் மணி நேரம் தமிழில் மன்றாடுகிறார். பேரப்பிள்ளை எல்லாப் பெயரும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, தன் பெயர் வந்ததும் தலைநிமிர்ந்து, கடைசியில் ‘ஆமென்’ மட்டும் சொல்கிறது. அதற்குப் பாட்டு உண்டா? இங்கே ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது, ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழில் ஜெபித்துவரும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. எழுதத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: அந்தப் பாட்டை ஆராதனையில் பாட வேண்டாம், அது சபையாகக் கூடிப் பாட எழுதப்பட்டதல்ல. உங்கள் சபையில் தம்பதியர் கூடுகை நடந்தால் அங்கே போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் யாரும் பேசாவிட்டால், நீங்களே முதலில் பேசுங்கள்.