வாசகர் கேள்வி: எச்டி டிவிடி ஏன் ப்ளூ-ரேயில் ஓடவில்லை?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய அண்ணன் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் கொடுத்தார். உறையில் ‘எச்டி டிவிடி’ என்றிருக்கிறது. எங்கள் ப்ளூ-ரே பிளேயர் எதையும் எடுக்கவில்லை. தர்மபுரியில் கடைக்காரர் லென்ஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு பிளேயரை மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: மாற்றிவிடாதீர்கள், பிளேயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்டி டிவிடி என்பது தோஷிபா 2006-ல் கொண்டுவந்த வேறு வகை டிஸ்க், சோனி பக்கம் நின்ற ப்ளூ-ரேக்குப் போட்டி. இரண்டையும் படிப்பது ஒரே 405 நானோமீட்டர் லேசர், டிஸ்க் அளவும் ஒன்றேதான், ஆனால் ப்ளூ-ரேயில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, எச்டி டிவிடியில் பழைய டிவிடி மாதிரியே 0.6 மி.மீ. உள்ளே. அதனால் லென்ஸும் வேறு. ஓர் அடுக்கில் ப்ளூ-ரே 25 ஜிபி பிடிக்கும், எச்டி டிவிடி 15தான். பழைய டிவிடி இயந்திரங்களைக் கொஞ்சம் மாற்றினாலே தயாரிக்கலாம் என்பது தோஷிபா தரப்பு நியாயம்.

2005-ல் இரு தரப்பும் ஒன்றுசேரப் பேசிப் பார்த்தன, முடியவில்லை. இத்தனைக்கும் 1995-ல் இதே சோனியும் தோஷிபாவும் தனித்தனியாக வைத்திருந்த திட்டங்களை, கணினி நிறுவனங்கள் நெருக்கியதால் ஒன்றாக்கித்தான் டிவிடியே வந்தது. அன்று முடிந்தது பத்து வருஷம் கழித்து ஏன் முடியாமல் போக வேண்டும்? கடைக்கு வருவதற்கு முன்பே எந்த வகை டிஸ்க் என்று முடிவு செய்திருக்க வேண்டும். 2008 ஜனவரியில் வார்னர் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19-ல் தோஷிபா கைகழுவியது, நம்பிக் காசு போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இது பெரிய அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். இரண்டு பக்கமும் படம் அச்சிடாமல் பளபளவென்று இருக்கும் டிஸ்க்குகளைத் தனியே எடுங்கள். பல எச்டி டிவிடிகளில் மறுபக்கம் சாதாரண டிவிடி உண்டு, திருப்பிப் போட்டால் ஓட வாய்ப்பிருக்கிறது. ஒரே சிக்கல், அமெரிக்க டிவிடிக்கு மண்டல எண் 1, நம் ஊர் பிளேயருக்கு 5, எண் பொருந்தாவிட்டால் ஓடாது. எல்லா மண்டலமும் எடுக்கிற பிளேயர் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 4கே டிஸ்க்கிலும் இந்தச் சண்டை உண்டா?
- வாசகர், ஓசூர்

பதில்: டிஸ்க்கில் இல்லை. 2016-ல் கடைக்கு வந்த அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே ஒன்றுதான். பழைய ப்ளூ-ரே பிளேயர் அதை எடுக்காது, புது பிளேயர் வேண்டும். போட்டி இப்போது எச்டிஆருக்கு, அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் துல்லியமாகக் காட்டும் முறைக்கு, நகர்ந்துவிட்டது: டால்பி விஷன் ஒரு பக்கம், எச்டிஆர்10 பிளஸ் இன்னொரு பக்கம். நல்லவேளையாக, எச்டிஆர் உள்ள 4கே டிஸ்க்கில் எச்டிஆர்10 என்ற அடிப்படை வகை கட்டாயம் இருக்கும், அதனால் எந்த எச்டிஆர் டிவி வாங்கினாலும் படம் ஓடும்.