காவலும் தீயணைப்பும் டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறும்போது: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ரேடியோ பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றையும் பழைய அனலாக் ரேடியோவிலிருந்து பி25 டிஜிட்டலுக்கு மாற்றிய குழுவில் இருந்தேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): பி25, டெட்ரா, டிஎம்ஆர் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் சார்?

மூன்றும் டிஜிட்டல் ரேடியோத் தரங்கள். பி25 அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளுக்காக 1989-ல் தொடங்கிய முயற்சி. டெட்ரா ஐரோப்பாவின் தரம், 1995-ல் வெளிவந்தது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலில் நான்கு பேச்சுகளை நேரம் பிரித்து அனுப்பும். பி25-ன் முதல் கட்டம் 12.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு பேச்சு, இரண்டாம் கட்டம் அதே அகலத்தில் இரண்டு. டிஎம்ஆரும் ஐரோப்பியத் தரம்தான், 12.5-ல் இரண்டு பேச்சு, விலை குறைவு. எது சிறந்தது என்பதைவிட, ஆபத்தில் உதவிக்கு வரும் பக்கத்து ஊர்க்காரர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (டொரன்டோ): அனலாக் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது. ஏன் மாற்றினார்கள்?

அலைவரிசைப் பற்றாக்குறை. பல அலைவரிசைகளில் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல்களை 12.5 ஆகக் குறுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2013 ஜனவரி 1-ஐக் கெடுவாக வைத்தது. அந்த உத்தரவு டிஜிட்டலுக்கு மாறச் சொல்லவில்லை, அனலாக்கிலேயே குறுக்கிக்கொள்ளலாம். ஆனால் எப்படியும் பணம் செலவழிக்கிறோம், மாறிவிடுவோம் என்று பலரும் முடிவு செய்தார்கள். பழைய பெட்டிகளுக்கு உதிரி பாகம் கிடைக்காததும் ஒரு காரணம்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் சித்தப்பா தீயணைப்புத் துறையில் இருந்தவர். டிஜிட்டல் என்றால் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்குமாமே, அப்படியா?

அமைதியான அறையில் நின்று பேசினால், ஆமாம். தீயில் நின்று பேசினால் கதை வேறு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அனலாக் ரேடியோ மைக்கில் விழும் எல்லா ஓசையையும் அப்படியே அனுப்பும். சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளும் ஒரு மனிதன் கத்துகிறான் என்பது காதுக்குத் தெரியும். டிஜிட்டல் அப்படியல்ல. உள்ளே இருக்கும் குரல் குறியாக்கி, வருவது மனிதக் குரல் என்று நம்பி, அதன் சாரத்தை மட்டும் எண்களாக்கி அனுப்புகிறது. பக்கத்தில் செயின்சா ஓடினால், சிலிண்டரில் காற்று தீரும் அலாரம் அடித்தால், அந்தச் சத்தத்தையும் குரல் என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். மறுமுனையில் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்கும். சிக்னல் விஷயத்திலும் அப்படித்தான்: கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டு, ஓர் எல்லைக்கு அப்பால் பட்டென்று ஒன்றுமே இல்லாமல் போகும். எச்சரிக்கையாக ஓர் இரைச்சல்கூட வராது.

2001 மார்ச்சில் நியூயார்க் தீயணைப்புத் துறை புது டிஜிட்டல் வாக்கி டாக்கிகளைக் களத்தில் இறக்கியது. சில நாட்களிலேயே குயின்ஸில் ஒரு தீவிபத்தில், பேஸ்மென்ட்டில் மாட்டிக்கொண்ட வீரர் ‘மேடே’ (உயிராபத்து, உதவி) என்று அழைத்தது கூட வந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அத்தனை ரேடியோக்களையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். அந்தச் செப்டம்பர் 11 அன்று வீரர்கள் கையில் இருந்தவை பழைய அனலாக் ரேடியோக்கள்தான்.

2008-ல் அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடம் தீக்களச் சத்தங்களை ஒலிக்கவிட்டு இதை முறையாகச் சோதித்தது. தீயணைப்புத் தலைவர்களின் சங்கமும் வழிமுறைகள் வெளியிட்டது: மைக்கை முகமூடியின் பேசும் துளைக்கு 1 அல்லது 2 அங்குலத்துக்குள் வையுங்கள், சத்தம் வரும் பக்கத்தை உடம்பால் மறையுங்கள். அதன் பிறகு குரல் குறியாக்கிகளும் மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் நான் யாரிடமும் சொல்வது ஒன்றுதான். வாங்குவதற்கு முன் முகமூடி போட்டு, கையுறை போட்டு, உங்கள் ஊரின் மிக மோசமான பேஸ்மென்ட்டில் இறங்கிப் பேசிப் பாருங்கள். விற்பவரின் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): இப்போதுதான் எல்லார் கையிலும் மொபைல் இருக்கிறதே, தனி ரேடியோ எதற்கு?

மூன்று காரணங்கள். டவர் விழுந்தாலும் இரண்டு ரேடியோக்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பட்டனை அழுத்திய நொடியில் நாற்பது பேருக்கும் ஒரே சமயத்தில் கேட்கும். கையடக்க ரேடியோவின் சக்தி 3 முதல் 5 வாட், சாதாரண 4ஜி போனின் உச்சம் 0.2 வாட்.

கேள்வி (துபாய்): வாட்ஸ்அப்பில் குரூப் போட்டுப் பேசினால் போதாதா?

மேலே உள்ள பதில்தான்.

கேள்வி (ஓஸ்லோ): அண்ணா, 2011-ல் உத்தேயா தீவில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீசாருக்கு ரேடியோ தொடர்பு சரியாக இல்லை என்று இங்கே பேசிக்கொண்டார்கள். அது என்ன விஷயம்?

நல்ல கேள்வி தம்பி. மாறிக்கொண்டிருக்கும் காலம்தான் மிக ஆபத்தான காலம் என்பதற்கு அதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியாது. நார்வே தன் டெட்ரா வலையமைப்பை மாவட்டம் மாவட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்லோ போலீஸ் டிஜிட்டலுக்கு மாறியிருந்தது. தீவு இருக்கும் மாவட்டத்தில் இன்னும் பழைய அனலாக். ஓஸ்லோவிலிருந்து விரைந்த சிறப்புப் படைக்கும் உள்ளூர் போலீசுக்கும் பொதுவான ரேடியோ இல்லை. எங்கே கூடுவது, எந்தக் கரையில் படகு ஏறுவது என்பதிலேயே குழப்பம். தீவில் மட்டும் 69 பேர் இறந்தார்கள். எல்லாத் தாமதத்துக்கும் ரேடியோதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, விசாரணைக் குழு வேறு பல குறைகளையும் எடுத்துச் சொன்னது.

நாங்கள் மாறும்போது செய்தது இது: பழைய சேனலையும் புது டாக் குரூப்பையும் (டிஜிட்டலில் ஒரு குழுவினர் சேர்ந்து பேசும் சேனல் மாதிரி) கன்ட்ரோல் ரூமில் இணைத்து, எல்லை தாண்டி வருபவர் எதில் பேசினாலும் இரண்டிலும் கேட்கும்படி வைத்தோம். கடைசி ஊர் மாறி முடிக்கும்வரை அந்த இணைப்பை எடுக்கவில்லை. செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

கேள்வி (சென்னை, தொலைத்தொடர்புப் பொறியாளர்): நான் 15 வருடமாக 4ஜியில் இருக்கிறேன். நீங்கள் மொபைலைத் தள்ளிவிட்டதை ஏற்க முடியாது. பட்டன் அழுத்திப் பேசும் வசதி 4ஜி தரத்திலேயே 2016-ல் வந்துவிட்டது. முன்னுரிமையும் தரலாம். தென் கொரியா நாடு முழுக்க அப்படித்தானே வைத்திருக்கிறது?

தரத்தில் வந்தது உண்மை. நான் 4ஜிக்கு எதிரி அல்ல. வீடியோ, வரைபடம், நோயாளியின் இசிஜி, இதெல்லாம் பி25-ல் நடக்காது. அமெரிக்காவிலேயே 2012-ல் சட்டம் போட்டு, 700 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, அவசர சேவைகளுக்கான 4ஜி வலையமைப்பை ஃபர்ஸ்ட்நெட் என்று தனியாகக் கட்டினார்கள். எங்கள் ஆம்புலன்ஸ்களில் அது தினமும் உழைத்தது. குரலை அதன் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

பிரிட்டனைப் பாருங்கள். டெட்ராவை அணைத்துவிட்டு வணிக 4ஜிக்கே போவதாக 2015-ல் ஒப்பந்தம் போட்டார்கள், 2019 முடிவுக்குள் பழையது போய்விடும் என்றார்கள். அந்தக் கெடு தாண்டியும் ஏர்வேவ் என்ற பழைய டெட்ராதான் குரலைச் சுமந்தது.

அவரே: அது நிர்வாகக் கோளாறு, தொழில்நுட்பக் கோளாறு அல்ல.

பாதி சரி. மறு பாதி தொழில்நுட்பம். டவர் இல்லாமல் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசும் வசதியை 4ஜி தரத்தில் எழுதி வைத்தார்கள். ஆனால் அது போன்களின் சிப்புகளில் பரவலாக வரவே இல்லை. தீயணைப்பு வீரருக்கு முதலில் தேவைப்படுவதே அதுதான். கான்கிரீட் கட்டடத்தின் உள்ளே இருப்பவரும் வாசலில் நிற்கும் அதிகாரியும் மலைமேல் இருக்கும் டவரை நம்பிப் பேசக்கூடாது.

கொரியாவுக்கு வருகிறேன். 2014 செவோல் கப்பல் விபத்துக்குப் பிறகு கட்டத் தொடங்கி 2021-ல் முடித்தார்கள். நல்ல வலையமைப்பு. 2022 அக்டோபரில் இட்டேவோன் நெரிசலில் 159 பேர் இறந்தபோது, காவலும் தீயணைப்பும் மற்ற துறைகளும் ஒன்றாகப் பேச அதில் வசதி இருந்தும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அங்கே பெரிய விமர்சனம் எழுந்தது.

அவரே: அப்படியானால் அது பழக்கத்தின் குறைதானே, 4ஜியின் குறை இல்லையே?

ஒப்புக்கொள்கிறேன், அந்த உதாரணம் உங்கள் பக்கம். ஆனால் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தை மறக்காதீர்கள். 2020 கிறிஸ்துமஸ் அன்று ஒரு தொலைபேசி நிறுவனக் கட்டடத்தின் வாசலில் குண்டு வெடித்தது. ஒரே கட்டடம்தான். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் 911 அவசர அழைப்பே போகவில்லை, ஃபர்ஸ்ட்நெட்டும் பாதிக்கப்பட்டது. ரேடியோவும் 4ஜியும் தனித்தனிப் பாதையில் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். நான் கேட்பது அவ்வளவுதான். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை): டவர் எல்லாம் வேண்டாம், சேட்டிலைட் போன் கொடுத்தால் போதாதா சார்?

பேஸ்மென்ட்டிலிருந்து வானம் தெரியாது.

கேள்வி (சிங்கப்பூர்): 9/11 அன்று டிஜிட்டல் இருந்திருந்தால் தீயணைப்பு வீரர்கள் பிழைத்திருப்பார்களா?

343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அப்படி நினைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் ஓர் இடம் என்னைத் தூங்கவிடாதது. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயரமான மாடிகளில் சிக்னல் கிடைக்க உலக வர்த்தக மைய வளாகத்தில் ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கிப் பலப்படுத்தி மறுபடி அனுப்பும் கருவி) வைத்திருந்தார்கள். அன்று காலை 8.54-க்கு அதை இயக்கும் பட்டனை அழுத்தினார்கள். லாபியில் இருக்கும் கைக்கருவியை உயிர்ப்பிக்க இரண்டாவது பட்டன் ஒன்று உண்டு. அதை யாரும் அழுத்தவில்லை. 9.05-க்குச் சோதித்த அதிகாரிகள், சத்தம் வராததால் ரிப்பீட்டர் பழுது என்று முடிவு செய்து வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள். ரிப்பீட்டர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தெற்குக் கோபுரத்தில் ஏறியவர்கள் சிலர் அதில் பேசியிருக்கிறார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): குறியாக்கம் போட்டால் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுதானே?

முடியாது என்று நம்பிக்கொண்டு, குறியாக்கம் ஓடாதது தெரியாமலே பேசுவதுதான் பெரிய ஆபத்து. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பி25-ஐக் கவனித்தபோது, மத்திய அரசுக் காவல் அமைப்புகளின் ரகசியப் பேச்சுகள் குறியாக்கம் இல்லாமல் ஓடுவதைத் தினமும் கேட்டார்கள். குறியாக்க சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பேசுபவருக்குத் தெரியவில்லை. டெட்ராவிலும் டிஇஏ1 என்ற குறியாக்க முறை 80 பிட் என்று சொல்லப்பட்டு, உண்மையில் 32 பிட் பலம்தான் என்று 2023-ல் வெளிவந்தது.

கேள்வி (திருநெல்வேலி): தமிழ்நாடு காவல்துறை எந்த கம்பெனி செட் வாங்கலாம்?

நான் அங்கே வேலை பார்த்ததில்லை, கம்பெனி பெயரும் சொல்ல மாட்டேன். யார் வாங்கினாலும் பேஸ்மென்ட்டில் இறங்கிப் பேசிப் பார்க்கட்டும்.

கேள்வி (ஈரோடு): மொபைலில் ஏதாவது ஆப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

இது மூன்றாவது முறை. திருச்சி நண்பருக்கும் சென்னைப் பொறியாளருக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): பயிற்சிக்கு ஒரு நாள் போதும் என்கிறார்கள் எங்கள் ஊரில். என் கணவர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்.

போதாதம்மா. எங்கள் ஊரில் ஒரு கேப்டன், 30 வருட அனுபவம். பழைய ரேடியோவில் குமிழை இடது கோடிவரை திருகினால் முதல் சேனல், கண்ணை மூடிக்கொண்டே வைப்பார். புது ரேடியோவில் அந்தக் குமிழைச் சுற்றி இன்னொரு வளையம், அது மண்டலம், அதாவது சேனல்களின் தொகுப்பை, மாற்றுவது. தடித்த கையுறையோடு திருகியபோது இரண்டும் சேர்ந்து திரும்பிவிட்டது. பயிற்சித் தீயில்தான், நல்லவேளை. பத்து நிமிடம் சாலைப் பராமரிப்புக்காரர்களின் சேனலில் தன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். மறுநாளே கோட்ப்ளக்கை (ரேடியோவின் சேனல் அமைப்புக் கோப்பு) திருத்தினோம்: எந்த மண்டலத்தில் இருந்தாலும் இடது கோடி என்றால் தீக்களச் சேனல், அதுவும் டவரை நம்பாத நேரடி அனலாக்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அவர் ரேடியோவிலும் இடது கோடியில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், வரும்வரை விடாமல் கேட்கட்டும்.

கேள்வி (அதே நியூ ஜெர்சி): மாறும் முதல் இரவில் அவர் என்ன செய்ய வேண்டும்?

கையுறை போட்டுக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து ஒரு முறை, வண்டிக்குள்ளிருந்து ஒரு முறை, பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையிலிருந்து ஒரு முறை கன்ட்ரோல் ரூமைக் கூப்பிடட்டும். குரல் உடைந்தால் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கையில் கொடுக்கட்டும். பழைய ரேடியோவைச் சார்ஜ் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கட்டும்.