போதையில் செய்தால் குற்றமில்லையா? வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: டாஸ்மாக் வாசலில் நடந்த தகராறில் என் சித்தப்பா மகன் பாட்டிலை உடைத்து ஒருவரைக் குத்திவிட்டான், அவர் இறந்துவிட்டார். "போதையில் என்ன செய்தேன் என்றே தெரியாது" என்கிறான். இது வழக்கில் எடுபடுமா? (வாசகர், தேனி)

பதில்: அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். போதையில் செய்த குற்றம் பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகள்தாம் இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 ஆகியிருக்கின்றன. சம்பவம் புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய எண்களே பொருந்தும். ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, செய்வது இன்னதென்றே அறிய முடியாத நிலையில் அவர் இருந்தால்தான் 23-ஆவது பிரிவு காப்பாற்றும். காசு கொடுத்து வாங்கிக் குடித்தவருக்கு அது கிடையாது. நிதானத்தில் இருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ, அது தெரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும்.

ஆனால், கொல்லும் நோக்கமும் இருந்தது என்று சட்டம் தானாக வைத்துக்கொள்வதில்லை. அதைச் சூழ்நிலைகளிலிருந்துதான் நீதிமன்றம் முடிவு செய்யும். நோக்கமே உருவாகியிருக்க முடியாத அளவுக்குப் போதை முற்றியிருந்தது என்று காட்டினால், கொலைக் குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105-ஆவது பிரிவுக்குக் குறையலாம். உங்கள் வழக்கறிஞருக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஸ்தேவ் வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் (இளநிலை அதிகாரி) ஒருவர் கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்திருந்தார். உட்கார இடம் வேண்டும், நகர்ந்துகொள் என்றார் ஒரு சிறுவனிடம். அவன் நகரவில்லை, கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். அவர் அவ்வப்போது தள்ளாடியது உண்மை. ஆனால் தானே நடந்து வந்திருக்கிறார், கோவையாகப் பேசியிருக்கிறார், சுட்டபின் தப்பி ஓடப் பார்த்திருக்கிறார், பிடிபட்டதும் மன்னித்துவிடும்படி கேட்டிருக்கிறார். கொலைக் குற்றத்துக்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உங்கள் தம்பி குத்தியபின் என்ன செய்தான்? பாட்டிலை ஒளித்தானா, சட்டையை மாற்றினானா, யாருக்காவது போன் செய்தானா? எத்தனை குவார்ட்டர் குடித்தான் என்பதைவிட இவற்றைத்தான் அரசுத் தரப்பு துருவும். விதிவிலக்கு கோருபவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும்.

கேள்வி: அண்ணன் கைதான இரவு பரிசோதித்த அரசு மருத்துவர், "மது அருந்தியுள்ளார், போதையில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும்? (வாசகி, கடலூர்)

பதில்: சரியாகும். வாயில் நெடி இருந்தால் குடித்திருக்கிறார். பேச்சு குழறவில்லை, நேர்கோட்டில் நடக்கிறார், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் தொடுகிறார் என்றால் போதையில் இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 23, 24 பிரிவுகளைப் பேசுவது வீண். வாகனம் ஓட்டியிருந்தால் கதை வேறு: 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும், ஆள் எவ்வளவு நிதானமாக நின்றாலும் சரி.

கேள்வி: நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் குடித்தேன். இது "விருப்பத்துக்கு மாறாக" ஆகாதா? (வாசகர், சேலம்)

பதில்: ஆகாது. குளிர்பானத்தில் தெரியாமல் கலந்து கொடுத்திருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

கேள்வி: பல வருடக் குடிகாரரான என் கணவர், சபரிமலைக்கு மாலை போட்டு அடியோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறி, தடுக்க வந்த என் மாமனாரை அரிவாள்மனையால் வெட்டிவிட்டார். குடிக்காதபோது நடந்ததற்கு எந்தப் பிரிவு? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் சொல்வது டெலிரியம் ட்ரெமென்ஸ் போலத் தெரிகிறது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது என்று வரும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. குடிநோயாளி என்பது மட்டும் சட்டத்தில் தற்காப்பு அல்ல. ஆனால் குடியால் வந்ததானாலும், அந்த நேரத்தில் மனம் உண்மையிலேயே பிறழ்ந்திருந்தால் மனநலக் குறைபாட்டுக்கான 22-ஆவது பிரிவை வாதாடலாம். அதற்கு வாய்ச்சொல் போதாது. அன்றைய மருத்துவமனைக் குறிப்புகள், மனநல மருத்துவரின் அறிக்கை, முதலில் ஓடி வந்த அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். சிறை மருத்துவரிடம் சொல்லி அவருக்குச் சிகிச்சையும் கேளுங்கள். மாலை போடப்போகும் மற்ற குடிநோயாளிகளின் வீட்டாருக்கும் ஒரு சொல்: மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் சிறிதளவு கஞ்சாவுடன் பிடிபட்டான். போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் வழக்கு போய்விடுமா? (பெற்றோர், கோயம்புத்தூர்)

பதில்: போகக்கூடும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் உபயோகித்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கி, தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. விற்றதாகக் குற்றச்சாட்டு இருந்து, அளவும் கூடுதல் என்றால் இந்தப் பேச்சே இல்லை. சிகிச்சை அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில்தான் நடக்க வேண்டும்; சுவரொட்டி பார்த்து ஏதோ ஒரு மையத்தில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் பறிபோகலாம்.

கேள்வி: போதையில் பக்கத்து வீட்டாரிடம் உளறியதைச் சாட்சியமாக எடுப்பார்களா? (வாசகர், மதுரை)

பதில்: எடுக்கலாம். குடித்திருந்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்புதல் வாக்குமூலம் தள்ளப்படாது. போலீசாரிடம் உளறியிருந்தால்தான் செல்லாது; அதுவும் குடிக்காமல் சொல்லியிருந்தாலும் செல்லாது.