இன்ஹியூமனாய்ட்ஸ் பொம்மைகளைத் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோத்தகிரியில் பழைய பொம்மை சேகரிக்கும் நண்பர்கள் இதை அடிக்கடி கேட்பதுண்டு. இன்ஹியூமனாய்ட்ஸ், ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் 1986-இல் வெளியிட்ட திகில் பொம்மை வரிசை. பூமிக்கடியில் புதைந்த அரக்கர்கள் எழுந்து வருகிறார்கள், எர்த் கார்ப்ஸ் என்ற குழுவின் விஞ்ஞானிகள் எதிர்க்கிறார்கள். கூடவே 13 பாகக் கார்ட்டூனும் வந்தது. பிறகு அப்படியே நின்றுபோனது.

அரக்கப் பொம்மைகள் சுமார் 14 அங்குலம், எர்த் கார்ப்ஸ் வீரர்கள் அதில் பாதிதான். அந்த அளவு வித்தியாசம்தான் பயத்தைக் கொடுத்தது. டீகம்போஸ் என்ற எலும்பு அரக்கனின் விலாவைத் திறந்து வீரனை உள்ளே சிறை வைக்கலாம். அபாரமான யோசனை!

அதே நிறுவனத்தின் ஜி.ஐ. ஜோ, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பொம்மை வரிசைகள் இரண்டும் அப்போது உச்சத்தில் இருந்தன. அவற்றின் பக்கத்தில் அழுகிய பிணம் மாதிரி ஒரு பொம்மையை எந்தப் பெற்றோர் வாங்குவார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

எனக்கு உண்மையான வருத்தம் மியூட்டோர்ஸ் பற்றித்தான். மனிதருக்குத் துணை நிற்கும் பாறை உயிர்களும் மர உயிர்களும் அவை. மழையில் மண் சரியும் நீலகிரியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டும். கார்ட்டூனில் வரும் சாண்ட்ரா ஷோர் என்ற பாத்திரத்துக்குக்கூடப் பொம்மை வரவில்லை. அடுத்த வரிசையை நான் இவர்களிடமிருந்துதான் தொடங்கியிருப்பேன்.